ஒன்பதாம் வரிசை

ஜூலை 11, வெள்ளி

வருடத்துக்கு ஒரு முறை வரும் மூன்று நாள் மெஷின் நிறுத்தம் இன்று தொடங்கியது. மற்றவர்களுக்கு லீவு, எனக்கு இடுப்பொடிகிற வேலை. கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கூடத்தின் கூரை முழுக்க ஃபில்டர்கள்தான். ஒவ்வொன்றும் கதவளவு இருக்கும். ஒன்பது வரிசை, வரிசைக்கு இருபது. ஃபில்டருக்கு மேலே வேண்டுமென்றே நுண்துகள் கலந்த காற்றை விடுவார்கள். நான் கீழே மேடையில் நின்று, ஒரு கோலின் நுனியில் இருக்கும் புனலை ஃபில்டரை ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்காவது துகள் கசிந்தால், எனக்குப் பின்னால் தள்ளுவண்டியில் இருக்கும் எண்ணும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர்தான் நகர்த்தலாம். கை அவசரப்பட்டால் கசிவு தப்பிவிடும்.

என் கை அவசரப்படாது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் எங்கள் தூய்மைக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர் சுதர்சனம் சாரே வெளியாட்கள் வந்தால் என்னைக் காட்டி, "சகாயராணி கை வச்சா அப்பீல் கிடையாது" என்பார். கம்பெனி பதிவேட்டில் இதெல்லாம் எழுத முடியாது. அதில் அடித்தல் திருத்தலும் கூடாது. அதனால்தான் இந்த நோட்டு.

இன்று மூன்று வரிசை முடிந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு ஓரத்தில் கசிவு. பசை வைத்து அடைத்து மறுபடி பார்த்தேன், சரியாகிவிட்டது.

வீட்டில் இவருக்குக் கடைவாய்ப் பல் வலி. தூத்துக்குடிக்காரர்களுக்குக் காரம் தின்றே பல் போகும் என்றேன். "நீ என்ன ஊட்டியா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 12, சனி

நான்கு, ஐந்து, ஆறு முடிந்தது. கசிவு இல்லை. நல்ல ஃபில்டராக இருந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எண் விழத்தான் செய்யும். அது பரவாயில்லை.

மொத்தத்தில் பாதி நேரம் கருவியைச் சோதிப்பதிலேயே போகிறது. கட்டை விரல் அளவில் வெள்ளையாக ஒரு குட்டி ஃபில்டர் உண்டு. சீரோ ஃபில்டர் என்போம். வரிசை தொடங்கும் முன் அதைக் கருவியின் வாயில் மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டினால் உள்ளே ஒரு துகளும் போகாது, எண் பூஜ்யத்தில் நிற்கும். நின்றால் கருவி சரி. புத்தகப்படி, புனலிலிருந்து கருவிக்கு வரும் குழாயைத் தனியே கழற்றி வைத்துவிட்டு இதை மாட்ட வேண்டும். கழற்றிய குழாய் தரையில் விழுந்து அழுக்காகிறது என்று நாங்கள் குழாய்க்கும் கருவிக்கும் நடுவிலேயே இதைச் செருகிவிடுவோம். பார்த்து முடித்ததும் உருவிவிட்டால் போதும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

கூடம் துடைக்கிற பச்சையம்மா அக்கா மேடைக்கு அடியில் வந்து நின்று, "இன்னா ராணி, மேலயே குடித்தனம் வச்சிக்கினியா?" என்றாள். காண்ட்ராக்ட் ஆள். நிறுத்த நாளிலும் அவளுக்கு லீவு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. காலையிலிருந்து ஏழு, எட்டு. ஒன்பதாம் வரிசையைத் தொடும்போது மணி பன்னிரண்டேகால். சார் மூன்று தடவை வந்துவிட்டார். "ரெண்டு மணிக்கு மெஷின் ஓடணும்மா. மேல இருந்து போன் மேல போன்." நான் என்ன செய்ய? கோலைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிடலாமா என்று வந்தது.

ஒன்றே முக்காலுக்கு முடித்தேன். ஒன்பதாம் வரிசை இருபது ஃபில்டரிலும் ஒரு எண்கூட விழவில்லை. முழுப் பூஜ்யம். ஒன்பது வருட வேலையில் இப்படி ஒரு வரிசை பார்த்ததில்லை. சார் அச்சுத்தாளைப் பார்த்து, "இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

சாமான்களை எடுத்து வைக்கும்போது சீரோ ஃபில்டர் குழாய் நடுவிலேயே இருந்தது. சோதனை முடிந்த பிறகும் ஒரு தடவை கருவியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்குப் போட்டிருப்பேன்.

கேண்டீனில் தயிர்சாதம் மட்டும்தான் மிச்சம்.

ஜூலை 14, திங்கள்

தூக்கம். துணி துவைத்தேன். மறுபடி தூக்கம்.

ஜூலை 21, திங்கள்

வாராந்திர அழுத்தக் கணக்கு எடுத்தேன். ஒன்பது வரிசையும் சரி. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அழுத்தமானி காட்டும். ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அதற்குத் தெரியாது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பல் டாக்டரிடம் போகச் சொன்னால் இவர் கிராம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்

மீட்டிங். ஒன்பதாம் வரிசைக்குக் கீழே சிலிக்கான் தட்டுகளுக்கு மருந்து பூசுகிற மெஷின் இருக்கிறது. அதில் வருகிற தட்டுகளில் இரண்டு வாரமாகப் புள்ளி விழுகிறதாம். நூற்றுக்குப் பதினொன்று குப்பைக்குப் போகிறது. மெஷின்காரர்கள் ஃபில்டரைக் கை காட்டினார்கள்.

சார் ஜூலை 13 அச்சுத்தாளை மேசையில் வைத்தார். "இருபதும் பூஜ்யம். சகாயராணி கை வச்சது. வேற இடத்துல தேடுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று பதினெட்டாம் பெருக்கு. பச்சையம்மா அக்கா இன்று ஒரு டப்பா நிறைய எலுமிச்சை சாதமும் புளிசாதமும் கொண்டுவந்து கேண்டீனில் எனக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். தாலிக்கயிறு மாற்றியிருந்தாள். புதுக் கயிறு, மஞ்சள் பளிச்சென்று கழுத்தில் ஒட்டியிருந்தது. "இருவத்திரெண்டு வருசமா ஏரிக்கரையில தான் மாத்துறேன். இந்த வருசம் அந்தாளு ஆட்டோவுலயே கூட்டிக்கினு போனாரு, ராணி மாதிரி" என்றாள். அவள் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

கூடத்துக்குள் பவுடர், பூ, பொட்டு எதுவும் கூடாது. தாலி மட்டும் விலக்கு. அங்கியின் கழுத்துக்கு உள்ளே போட்டு மூடிக்கொள்ளலாம்.

மருந்து பூசுகிற மெஷின் பக்கத்தில் இன்று ஒரு எண்ணும் கருவியை நிரந்தரமாக வைத்தார்கள். வைத்தது நான்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

கருவி நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது. காலை ஒன்பதரைக்கும் மாலை மூன்றுக்கும் மட்டும் எண் எகிறுகிறது. பத்துக்கு மேல் போகக் கூடாத இடத்தில் அறுபது, எழுபது. சார் கேமராவை ஓட்டிப் பார்த்தார். அந்த இரண்டு நேரமும் அக்கா, மெஷினைச் சுற்றித் தொங்கும் பிளாஸ்டிக் திரையைத் தள்ளிக்கொண்டு அங்கே துடைக்க வருகிற நேரம்.

"ஆள் கிடைச்சாச்சு" என்றார் சார். பிறகு யாரோ கழுத்துக் கயிற்றைப் பற்றிச் சொன்னார்கள். மஞ்சள் தூள். எல்லோருக்கும் அது சட்டென்று பொருந்திப் போயிற்று.

புள்ளிகள் ஜூலை நடுவிலிருந்தே விழுகின்றன. கயிறு மாற்றியது ஆகஸ்ட் மூன்று. தேதியை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சார் என்னிடம் அக்காவைச் சோதிக்கச் சொன்னார். அங்கி மாற்றும் அறையில் அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தருகே புனலைப் பிடித்தேன். "இன்னா ராணி, டாக்டரம்மா ஆயிட்டியா?" என்று சிரித்தாள். கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கருவி 2,140 காட்டியது.

"ரொம்பவா?" என்று கேட்டாள்.

"பார்க்கணும்க்கா" என்றேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்காவும் சாரும் போன பிறகு அதே ஸ்டூலில் உட்கார்ந்து என் கழுத்தில் பிடித்துப் பார்த்தேன். 2,390. மனித உடம்பு என்றால் தோல் உதிர்ந்துகொண்டுதான் இருக்கும். யாரைப் பிடித்தாலும் ஆயிரக்கணக்கில் வரும், அங்கி போடுவதே அதற்குத்தான். என் எண்ணைத் தாளில் எழுதவில்லை. என்னைச் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மஞ்சள் கயிறு அணிந்து கூடத்துக்குள் வரக் கூடாது. தங்கச் சங்கிலி இருக்கலாம், துடைத்துவிட்டுப் போட வேண்டும். என் தாலி சங்கிலியில்தான் இருக்கிறது. எனக்குப் பிரச்சினை இல்லை.

அக்கா அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு லாக்கர் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தலைவழியாகக் கயிற்றைக் கழற்றினாள். கைக்குட்டையில் முடிந்து லாக்கருக்குள் வைத்துவிட்டு, பூட்டிய பிறகும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி மஞ்சள் கோடு மட்டும் இருந்தது.

"எங்க ஊட்டாண்ட சொல்லிடாத ராணி. அந்தாளு ஒண்ணியும் சொல்லமாட்டாரு. ஆனா மனசு கஷ்டப்படுவாரு."

நான் பக்கத்தில் நின்று அங்கியின் ஜிப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜிப் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் திரும்பத் திரும்ப ஏற்றினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கயிறு இல்லாமலும் எண் எகிறியது. அப்படியென்றால் கயிறு காரணம் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்ற வேண்டும். "அப்ப அந்தம்மா உடம்பே அப்படி. சுத்தம் பத்தாது" என்றார் சார். காண்ட்ராக்ட்காரரிடம் சொல்லி மதியமே அனுப்பிவிட்டார்கள்.

அக்கா போகும்போது நான் கேண்டீனில் இருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கையில் டிபன் பாக்ஸும் ஒரு ஜோடி செருப்பும். எழுந்து போயிருக்கலாம். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்கா இடத்துக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். ஒன்பதரைக்கு எழுபத்தொன்று. மூன்றுக்கு அறுபத்தெட்டு. இப்போது துடைக்கிற திரவத்தின் மேல் சந்தேகமாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவருக்கு நேற்றுதான் பல்லைப் பிடுங்கினார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது வசதியாக இருந்தது. வேறொரு கம்பெனியில் நடந்ததாக ஒரு கதை சொன்னேன். ஒருத்தி ஃபில்டரைச் சோதிக்கும்போது, நடுவில் செருகியிருந்த குட்டி ஃபில்டரை உருவ மறந்துவிட்டாள். அது எல்லாத் துகளையும் பிடித்துக்கொண்டது. கருவி பூஜ்யம் பூஜ்யம் என்று காட்டியது. அவள் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

வாயில் பஞ்சோடு இவர் கேட்டார். "அவ எப்ப கண்டுபிடிச்சா?"

"சாமான் எடுத்து வைக்கும்போது பார்த்தா. முடிவுச் சோதனைக்குப் போட்டிருப்போம்னு நினைச்சுக்கிட்டா."

"போட்டாளா?"

"ஞாபகம் இல்லையாம்."

இவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, "ஏட்டி, அந்த அறிவுகெட்டவ மறுபடி ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டியதுதான? யாரு தடுக்கா?" என்றார்.

யாரும் தடுக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

முடிவுச் சோதனை அச்சுத்தாளில் தனி வரியாகப் பதிவாகும். ஜூலை 13 தாளின் நகல் என் அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு மாதமாக நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பார்த்தேன். முடிவுச் சோதனை வரி இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மருந்து பூசுகிற மெஷினைக் கழுவ ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். தள்ளுவண்டியை ஒன்பதாம் வரிசைக்குக் கீழே கொண்டுபோனேன். இந்த முறை புனல் குழாயைக் கழற்றி வைத்து, புத்தகப்படி சீரோ பார்த்து, சீரோ ஃபில்டரை எடுத்து மேல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மேலே துகள் விடாமலேயே பதினான்காம் ஃபில்டரின் மூலையில் எண் முந்நூற்று நாற்பதுக்கு ஏறியது. ரப்பர் பட்டை உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் மடிந்திருந்தது. காற்று அதன் வழியாக நேராக மெஷின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கீழே இறங்கி, அக்கா செய்வதுபோல் பிளாஸ்டிக் திரையைத் தள்ளினேன். காற்று திசை திரும்பியது. பக்கத்தில் நிரந்தரமாக வைத்த கருவியில் அறுபத்தேழு. திரையை விட்டேன், இறங்கியது. தள்ளினேன், ஏறியது. நாலைந்து முறை செய்தேன். யாராவது பார்த்திருந்தால் கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவின் உடம்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் திரையைத் தள்ளிக்கொண்டு வேலைக்கு வந்தாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சீரோ ஃபில்டரையும் சேர்த்து. கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தார்.

"பட்டை மடிஞ்சிருக்கு. எப்ப மடிஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்? போன மாசக் கடைசியில கூட மடிஞ்சிருக்கலாம். அடைச்சிடுங்க. நான் எழுதிக்கறேன்."

"பச்சையம்மா அக்கா, சார்?"

"அவங்க நம்ம ஆளே இல்லம்மா. காண்ட்ராக்ட். திரும்பக் கூப்பிட்டா ஏன் அனுப்பினோம்னு எழுதணும். அதை எழுதினா ஜூலை பதிமூணு ரிப்போர்ட் செல்லாதுன்னு எழுதணும். அப்புறம் ஒன்பது வருஷமா நீங்க கையெழுத்துப் போட்ட அத்தனையையும் தோண்டுவாங்க. என் கையெழுத்தும் அதுல இருக்கு. வீட்டுக்குப் போய் நல்லா யோசிங்க."

வீட்டுக்கு வந்து யோசிக்கவில்லை. மாவு அரைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பதினான்காம் ஃபில்டரின் பட்டையை மாற்றினேன். மாலைக்குள் தட்டுகளில் புள்ளி நின்றுவிட்டது. மெஷின்காரர்கள் லட்டு வாங்கிவந்தார்கள். எனக்கு இரண்டு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டுப் பாதியில் வந்துவிட்டேன். உள்ளே போய்ப் பாவத்தைச் சொன்னால் சாமியார் மன்னித்து, பத்து அருள்நிறை மரியே சொல்லச் சொல்வார். சொல்லி முடித்தால் மனசு லேசாகிவிடும். அது எனக்கு அநியாயமாகப் பட்டது. அக்கா கயிற்றைக் கழற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், நான் லேசாகிவிட்டு வந்து மீன்குழம்பு வைக்கவா?

இவரிடம் கேட்டேன், வேலை போனால் என்ன செய்வது என்று. "வாடகையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். நீ இப்படி உம்முன்னு இருக்கிறதத்தான் தாங்க முடியல" என்றார். பல் போன பிறகு நன்றாகப் பேசுகிறார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுதிவிட்டேன். தரப் பிரிவின் குறைபாட்டு அறிக்கைப் படிவம், ஒன்றரைப் பக்கம். சீரோ ஃபில்டர் உருவப்படவில்லை. ஜூலை 13 ஒன்பதாம் வரிசைச் சோதனை செல்லாது. கழுத்துச் சோதனையில் பச்சையம்மாவுக்கு 2,140, சோதித்தவருக்கு 2,390, இரண்டாவது எண் மறைக்கப்பட்டது. மறைத்தது நான். புள்ளிகளுக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை.

"மறைக்கப்பட்டது" என்று எழுதும்போது வேறு வார்த்தை தேடினேன். விடுபட்டது, பதிவாகவில்லை, கவனத்தில் வரவில்லை. எல்லாம் இருக்கிறது தமிழில். இதையே எழுதினேன்.

சாரைத் தாண்டி நேராகத் தரப் பிரிவில் கொடுத்தேன். அவர் இனி என் முகத்தைப் பார்ப்பாரா தெரியாது.

ஆகஸ்ட் 28, வியாழன்

விசாரணை மூன்று மணி நேரம். ஐந்து பேர். ஒருத்தர் கேட்டார். "இருபது ஃபில்டர் முழுப் பூஜ்யம்னா உங்க அனுபவத்துக்குச் சந்தேகம் வந்திருக்கணுமே?" வந்தது சார் என்றேன். "எப்போது?" அன்றைக்கே என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. சந்தோஷத்துக்கு அடியில் அது இருந்தது. நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

முடிவு: வேலை போகவில்லை. ஒரு வருடத்துக்குச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. ஒன்பது வரிசையும் வேறொருத்தர் மறுபடி சோதிப்பார். நான் தள்ளுவண்டி தள்ளுவேன். இனி யாரும் நடுவில் செருகக் கூடாது. சாருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம். அக்காவைத் திங்கட்கிழமை முதல் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காண்ட்ராக்ட்காரருக்கு எழுதிவிட்டார்கள்.

கடைசியில், "அந்த மஞ்சள் கயிறு அறிவிப்பு?" என்று கேட்டேன். "அது இருக்கட்டும்மா. எப்படியும் நல்ல பழக்கம்தானே" என்றார் தரப் பிரிவுத் தலைவர். ஃபைலை மூடிவிட்டார்கள். நான் இன்னொரு முறை கேட்டேன். அது இந்த விசாரணையில் வராது என்றார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, பிறகு ஏரி ஓரமாக நடக்க வேண்டும். பெண்கள் விடுதி ஒன்றில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருக்கிறாளாம், இப்போதுதான் வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. கழுத்தில் கயிறு இருந்தது. நாற்காலி போட்டாள். காபி கொடுக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது நிறைய வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, தூசி உங்ககிட்ட இருந்து வரல. மேல ஃபில்டர்ல ஓட்டை. நான்தான் சரியா பார்க்காம கையெழுத்துப் போட்டேன். கம்பெனியில எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை நீங்க வேலைக்கு வரலாம்."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள். "எங் கழுத்துல அந்தக் கொழாய வச்சியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான்.

"தெரியும்க்கா. முழுசா இல்ல. ஆனா தெரியும்."

"அப்ப நான் கயித்த கயட்டும்போது பார்த்துக்கினு நின்ன."

"ஆமாக்கா."

அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"வேலைக்கு வரேன். எனக்கு அந்த வேலை வோணும். ஆனா இங்க வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. அழுக்கு உடம்புன்னு தொரத்திட்டாங்கன்னு பஸ்ஸுல வர அத்தினி பேரும் பேசிக்கினு இருக்காளுங்க. திங்கக்கெயம எங்க ஸ்டாப்பாண்ட வந்து அவளுங்க எல்லாம் கேக்குற மாதிரி சொல்லு."

சரி என்றேன். அழுகை வந்தது. அங்கே அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஏரிக்கரை வரை வந்து அழுதேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஐந்தரைக்கே இவர் பைக்கில் அக்காவின் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டார். "நானும் நிக்கட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

பதினோரு பெண்கள். பாதிப் பேருக்கு நான் யாரென்று தெரியும். கோல் பிடிக்கிற மேடம். அக்கா கொஞ்சம் தள்ளி, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பச்சையம்மா அக்கா மேல ஒரு தப்பும் இல்ல" என்று ஆரம்பித்தேன். லாரி ஒன்று போயிற்று. பின்னால் நின்ற ஒருத்தி, "கேக்கல, சத்தமா சொல்லு" என்றாள். மறுபடி சொன்னேன். அவங்க உடம்பு சுத்தம்தான். என் உடம்புல அவங்களவிட அதிகமா வந்துச்சு. அதை நான் மறைச்சேன். ஃபில்டரை ஒழுங்கா பார்க்காதது நான். எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியில் குங்குமம் வைத்திருந்த ஒரு வயதான அம்மா, "படிச்ச பொம்பள" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. அக்கா அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள், இரண்டு முறை சிரித்தாள். நான் முன்னால் நின்றுகொண்டு வந்தேன். இத்தனை நாளில் முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

லாக்கர் அறையில் அக்கா சுவரைப் பார்த்து நின்றாள். அறிவிப்பு அப்படியே இருந்தது. மூலைகளுக்குப் புதிதாக டேப்கூட ஒட்டியிருந்தார்கள்.

"ஓட்டைய அடைச்சிட்டீங்க இல்ல? இன்னும் கயட்டணுமா?"

"ஆமாக்கா. கேட்டுப் பார்த்தேன். மாட்டேன்னுட்டாங்க."

அக்கா டிபன் பாக்ஸைப் பெஞ்சில் வைத்தாள். இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னை நேராகப் பார்த்தபடியே இரண்டு கையாலும் கயிற்றைத் தூக்கித் தலைவழியாகக் கழற்றினாள்.